பேச்சிக்கு ஏற்ற சாமான்

சங்கரன்கோவில் தபால்காரர் சங்கரநயினாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. விளையாட்டுச் சாமான் வாங்குவார்.

ஆறு வயது மகள் பேச்சிக்கென்று சொல்லித்தான் வாங்குவார். வாங்கியதெல்லாம் அவருக்கு ஆறு வயதில் கிடைக்காமல் போன சாமான்கள் என்பது வேறு விஷயம். போன ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சாவி கொடுத்தால் ஓடுகிற தகர மோட்டார். அதற்கு முந்தின தபசுக்குத் தலையாட்டிப் பொம்மை. நடுவில் திருவேங்கடம் சந்தையில் ஒரு மண் குதிரை, வாசுதேவநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு ஜோடி மரப்பாச்சி. பேச்சி மோட்டாரைக் கவிழ்த்து, சக்கரத்தை ஒரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். குதிரை கிணற்றுக்குள் போனது. மரப்பாச்சியை அவள் தொடவே இல்லை. தலையாட்டிப் பொம்மையைக் கண்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவர்களை நமக்கும்தான் பிடிப்பதில்லை, ஆனால் நாம் அழுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சி பேசமாட்டாள். பேச்சியம்மனுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். அதை வைத்துக் கேலி செய்ய ஊருக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும், ஊர்வாயை மூட உலைமூடி ஏது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சரி, செவிடு போல என்று நினைத்தால், மூன்றாம் வீட்டில் வெண்கலத் தட்டு விழுந்த சத்தத்துக்கு இங்கே தலை திரும்பும். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். ஒன்று வேண்டும் என்றாலும் யாரிடமும் கேட்கமாட்டாள். பசித்தால் பானையைக் கவிழ்ப்பாள், தாகம் என்றால் குடத்தைக் கவிழ்ப்பாள். கதவு திறந்திருந்தால் போய்க்கொண்டே இருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆவுடைப்பொய்கையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவளைக் குளிக்க வந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் இடுப்பில் ஒரு பழஞ்சேலைக் கிழிசல். அதன் மறுமுனை தறிக்காலில். அம்மா நெல்லையம்மாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறியில் துண்டு நெய்வாள். மகள் அந்தக் கிழிசலின் நீளத்துக்குள் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெற்ற பிள்ளையைக் கட்டிப்போட்டு வளர்ப்பது சங்கரநயினாருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஊரெல்லாம் தபால் கொண்டுபோகிறவருக்குத் தன் வீட்டு வாசலுக்குள் நுழைவதுதான் கஷ்டமாக இருந்தது. இப்படி இருக்கும்போதுதான் ரயிலடிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஜெயபாய் டீச்சரிடம், இலங்கையிலிருந்து வந்த அவருடைய தம்பியின் கடிதத்தைக் கொடுக்கும் சாக்கில், பேச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டே விட்டார்.

டீச்சர் கண்டிப்பான மனுஷி. ஆனால் பொய்யாக நம்பிக்கை கொடுக்கிறவரும் இல்லை, முகத்தில் அடிக்கிறவரும் இல்லை.

"அண்ணாச்சி, எனக்கு நாப்பது பிள்ளைய. ஒரு பிள்ளைக்குப் பின்னால நான் ஓடிக்கிட்டிருந்தா மத்த முப்பத்தொம்பதும் கூரைல ஏறிரும். ஒரு மணி அடிச்சி மறுமணி அடிக்கிற வரைக்கும் உங்க பிள்ளை எந்திரிக்காம ஒரு எடத்துல உக்காந்திருக்கட்டும். கையில எதையாவது குடுங்க, அத வச்சி விளையாடட்டும், அது எனக்குக் காரியமில்ல. தபசு லீவு முடிஞ்சி திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. உக்காந்திட்டாள்னா சேத்துக்கிடுதேன். இல்லன்னா என்னைத் தப்பா நெனைக்கப்படாது."

"உக்காருவா டீச்சரம்மா," என்றார் சங்கரநயினார். வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதுதான் பேச்சி சாப்பாட்டுக்குக்கூட இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

தபசுக்கு மறுநாள் சனிக்கிழமை. சம்சாரிகள் அம்மன் சப்பரத்தின்மேல் நேர்ச்சையாக வீசிச் சூறைவிட்ட பருத்தியும் வற்றலும் வீதியோரம் இன்னும் சிதறிக் கிடந்தன. ரத வீதியில் கடைகள் பிரியவில்லை. சங்கரநயினார் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்; கிழிசலின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு நெல்லையம்மாள் பின்னால் வந்தாள். அவருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை கடையில் ஒன்றுகூடவா பேச்சிக்கு இல்லாமல் போய்விடும்?

முதல் கடையில் ஊதல். பேச்சி காதைப் பொத்தினாள். இரண்டாம் கடையில் கிலுகிலுப்பை. கைக்குழந்தைச் சாமான் என்று கடைக்காரரே வாங்கி வைத்துவிட்டார். மூன்றாம் கடையில் அம்பாசமுத்திரத்துச் செப்பு, சிவப்பும் பச்சையுமாக அடுப்பு, பானை, திருகை.

"இது பாரு மக்கா, குட்டித் திருகை. இப்படிச் சுத்தணும்," என்று சங்கரநயினார் தரையில் குந்தி உட்கார்ந்து அரைத்தே காட்டினார். பேச்சி கடைக்காரரின் தலைக்குமேல் தொங்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் கடையில் பம்பரம். அதை அவர் விட்ட விதத்தைப் பார்த்து நாலைந்து பையன்கள் கூடிவிட்டார்கள். பேச்சி மட்டும் கூடவில்லை.

"நீங்க விளையாடுதியளா, பிள்ளைக்கு வாங்குதியளா?" என்றாள் நெல்லையம்மாள். "போதும். நாக்கு வாங்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

நாக்கு என்றால் வெள்ளித் தகட்டில் அடித்த நாக்கு. சங்கரன்கோவிலில் எந்த உறுப்புக்கு நோவோ அந்த உறுப்பின் உருவைத் தகட்டில் வாங்கி அம்மன் உண்டியலில் போடுவார்கள். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். பாம்பு, தேள் பயம் என்றால் பாம்பு, தேள். நெல்லையம்மாள் நாலு வருஷமாகத் தவறாமல் நாக்கு போட்டு வருகிறாள். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வாங்கின தகடு உண்டியலுக்குத்தான் போகவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் நோவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதாக அர்த்தம்.

கோயில் வாசலில் பொன்னுச்சாமி அண்ணாச்சிக்குத் தகட்டு வியாபாரம். சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரப்பெட்டி ஒன்றை முக்காலியில் வைத்திருப்பார். ஓர் அறைக்கு ஓர் உரு. நெல்லையம்மாள் காசை அவிழ்க்கிற நேரம் பார்த்து யானை வருகிறது என்று யாரோ சொன்னார்கள். யானை வந்ததோ இல்லையோ, கூட்டம் ஒதுங்கியது. முக்காலி சாய்ந்தது. பெட்டி கவிழ்ந்து தகடெல்லாம் ஜலஜலவென்று கல்தரையில் கொட்டியது.

"போச்சு, போச்சு," என்று பொன்னுச்சாமி தலையில் கைவைத்தார். "இதைப் பிரிச்சிப் போட எனக்கு ரெண்டு நாளாகும்வே. கண்ணும் சரியாத் தெரியல."

அந்த ஜலஜலவுக்குப் பேச்சி அப்பாவின் தோளிலிருந்து வழுகி இறங்கினாள். சங்கரநயினார் பிடிப்பதற்குள் கல்தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு தகட்டை எடுத்தாள். முன்பல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். காதருகே வைத்துக் கேட்டாள். திருப்பிப் பார்த்தாள். தேள். காலிப் பெட்டியின் ஒரு மூலை அறையில் வைத்தாள். அடுத்தது கை. தட்டு, கேள், திருப்பு, அடுத்த அறை. அடுத்தது மறுபடி தேள். அது முதல் தேளோடு போய்ச் சேர்ந்தது.

"பிள்ளையத் தூக்கும். களவு போயிரும்," என்று ஆரம்பித்த பொன்னுச்சாமி, தேளோடு தேள் சேர்வதைக் கண்டு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

நாயனக்காரர் கோயிலுக்குள் ஒரு கீர்த்தனையை முடித்து அடுத்ததைத் தொடங்கினார். வேட்டு ஒன்று வெடித்தது. வேட்டுச் சத்தம் கேட்டால் வீட்டுக் கட்டிலுக்கடியில் போய்விடுகிற பேச்சி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தேள் தேளோடும், கண் கண்ணோடும் போய்க்கொண்டே இருந்தன. தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல், தறி ஓடுகிற சீரில். கிழிசல் நெல்லையம்மாள் கையில் தொய்ந்து கிடந்தது. அது தொய்ந்து அவள் பார்த்ததே இல்லை.

சங்கரநயினார் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பிப் பார்ப்பது, ஒரு கணம் நிற்பது, அறையில் போடுவது. இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது, தினம் காலையில் பனவடலிசத்திரத்துக் கடிதம் ஓர் அறை, திருவேங்கடத்துக் கடிதம் ஓர் அறை என்று தபாலாபீசில் அவர் பார்க்கிற வேலை. இதே பிள்ளை வீட்டில் மிளகையும் கடுகையும் தரையில் கொட்டிப் பிரித்தபோது 'சாமானைப் பாழாக்காதட்டி' என்று கையைத் தட்டிவிட்டவரும் அவர்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது ஒன்றிரண்டு நாளல்ல, நாலு வருஷம்.

கடைசித் தகடு அறைக்குள் போனதும் பேச்சி எழுந்து நடக்க ஆரம்பித்தாள். பொன்னுச்சாமி பெட்டிக்குள் ஒவ்வோர் அறையாக விரலை விட்டுத் துழாவினார். ஒரு பாம்புகூட இடம் மாறவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியோட எனக்குக் குடும். திங்கக்கிழமை சாயந்திரம் திருப்பித் தந்துருதேன்," என்றார் சங்கரநயினார்.

"வெளையாடுதீரா? ஊர் நோவெல்லாம் இதுக்குள்ள இருக்கு. இதை வீட்டுக்குக் கொண்டுபோவீரோ?" என்றார் பொன்னுச்சாமி. பிறகு மனசு கேட்காமல், "உம்ம மக கை சுத்தமான கை. வேற எதுலயாவது செஞ்சி குடும்," என்று சேர்த்துக்கொண்டார். நெல்லையம்மாள் வாங்கிய நாக்குக்கு அவர் காசு வாங்கவில்லை.

வேறு எதில்? சங்கரநயினார் அன்றைக்கு வீடு வந்ததும் காலண்டர் அட்டையைக் கிழித்து, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அட்டைப் பாம்பு, அட்டைத் தேள், அட்டைக் கண். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேச்சி முன்னால் பரப்பினார். பேச்சி ஒன்றை எடுத்துப் பல்லில் தட்டினாள். காதில் வைத்தாள். சத்தம் இல்லை. இன்னொன்றைத் தட்டினாள். அதிலும் இல்லை. எல்லாவற்றையும் வாரித் தறிக்குழிக்குள் போட்டாள்.

"அவ்வளவுதான்," என்றாள் நெல்லையம்மாள். மூஞ்சி சுண்டிப்போயிற்று.

சங்கரநயினாருக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "ஏட்டி, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டாள்லா? என்ன வேணும்னும் சொல்லிட்டா. சத்தம் வேணும். தகரம்." மேல்துண்டைத் தோளில் போட்டவர் வாசல்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாகப் போய்விட்டார்.

பழைய டப்பாக்களில் சிமினி விளக்கும் புனலும் செய்கிற தங்கப்பழம் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வைத்து, என்ன உரு வேண்டும், வரைந்து காட்டும் என்றார். சங்கரநயினார் கரிக்கட்டியால் வரைந்தார்.

"இது என்னவே, எறாலா?"

"தேளு."

"கடிபட்டவன்கூட நம்ப மாட்டான்," என்று தங்கப்பழம் அதை அழித்துவிட்டுத் தானே வரைந்தார். பாம்பு, தேள், கண், கை, கால், நாக்கு, உருவுக்கு நாலு. சங்கரநயினார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, விளிம்பு கையை அறுத்துவிடும், இன்னும் கொஞ்சம் ராவும், இன்னும் கொஞ்சம் ராவும் என்று பத்துத் தரம் சொன்னார். பதினோராம் தரம் தங்கப்பழம் அரத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து இருபத்துநாலையும் அவரே ராவினார். தபாலாபீசில் கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய அறைப்பெட்டியைப் போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கித் தலையில் சுமந்து வந்தார். தெருவில் பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் தபாலா என்று கேட்டார்கள். ஆமாம், அவசரத் தந்தி என்றார்.

அன்று சாயங்காலம் பேச்சி அந்தப் பெட்டி முன்னால் மூன்று தரம் பிரித்து, மூன்று தரம் கொட்டி, நாலாம் தரமும் பிரித்தாள். அறைக்கு நாலு, அறைக்கு நாலு. சங்கரநயினார் எதிரே உட்கார்ந்து, சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். சங்கரநயினார் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். நெல்லையம்மாள் மகளுக்கு இரட்டைப்பின்னல் பின்னிக் கனகாம்பரம் வைத்திருந்தாள். வகுப்பின் ஒரு மூலையில் பெட்டியை வைத்துத் தகரங்களைக் கொட்டினார்கள். பேச்சி உட்கார்ந்தாள். நெல்லையம்மாள் கிழிசலை அவிழ்க்கத் தயங்கினாள். ஜெயபாய் டீச்சர் அவிழ்க்கும்படி கண்ணைக் காட்டினார். பெற்றவர்கள் இரண்டு பேரும் கதவருகே ஒதுங்கி நின்றார்கள். மணி அடித்தது.

நாற்பது பிள்ளைகள் அனா ஆவன்னா என்று கத்தினார்கள். பேச்சி காதைப் பொத்தவில்லை. தட்டு, கேள், திருப்பு, போடு. பாம்பு நாலு. கண் நாலு. முன்வரிசைப் பையன் ஒருவன் கழுத்தைத் திருப்பி அவளையே பார்க்க, டீச்சர் அவன் கழுத்தை நேராக்கினார். தேள் நாலு, கை நாலு. சங்கரநயினார் கதவருகே நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கால் நாலு. நாக்கு ஒன்று, இரண்டு, மூன்று.

பேச்சி தரையைத் தடவினாள். பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள். பாவாடையை உதறினாள். முனகல் நின்றது.

எழுந்தாள்.

மறுமணி அடிக்கவில்லை. பாதி நேரம்கூட ஆகியிருக்காது. இதோ கதவைப் பார்த்து ஓடப்போகிறாள், பிடித்துக் கட்டவேண்டியதுதான் என்று சங்கரநயினார் நினைத்தார். நெல்லையம்மாள் கையிலிருந்த கிழிசலை இறுக்கிப் பிடித்தாள்.

பேச்சி கதவைப் பார்த்துத்தான் வந்தாள். ஆனால் கதவைத் தாண்டவில்லை. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். காக்கிச் சட்டைக்காரர் குழந்தையாகப் பின்னாலே போனார். பேச்சி அவர் கையைப் பெட்டியின் கடைசி அறைக்குள், மூன்று நாக்குக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அமுக்கினாள். எடுத்தாள். மறுபடி அமுக்கினாள். பிறகு முகத்தை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். ஆனால் பார்த்தாள்.

"என்ன மக்கா, என்ன வேணும்?" என்று அவர் தடுமாறினார்.

ஜெயபாய் டீச்சர் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு இன்னுமா புரியல? ஒண்ணு குறையுது. அதக் கேக்கா."

கேட்கிறாள். ஆறு வருஷமாக யாரிடமும் எதையும் கேட்காத பிள்ளை கேட்கிறாள். சங்கரநயினார் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டு அழுதார். அவருக்கு வெட்கமாகவே இல்லை.

"நாலு செஞ்சேனே. எண்ணித்தானே பெட்டியில போட்டேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதவருகே நின்ற நெல்லையம்மாள் தலையைக் குனிந்தாள். "நாந்தான் எடுத்தேன். உண்டியலுக்குப் போக வேண்டிய உருவ வீட்டுல வச்சி விளையாட விடுதோமேன்னு பயமா இருந்தது. தகரம்னாலும் நாக்கு நாக்குத்தானே. காலைல கோயிலுக்குப் போயி அம்மன் பங்குன்னு ஒண்ணப் போட்டுட்டு வந்துட்டேன்." கிழிசலின் முனையால் கண்ணைத் துடைத்தாள். "எம்பிள்ளை உக்காந்திருக்க வேண்டியத நானே கெடுத்துட்டேனே டீச்சரம்மா. மறுமணி வரைக்கும் இருந்திருப்பாளே."

டீச்சர் மேஜைக்குப் போனார், பதிவேட்டைத் திறந்தார், மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தார். "சும்மா உக்காந்திருக்கதுக்கு எங்கிட்ட நாப்பது பிள்ளைய இருக்கு, ஒண்ணும் கேக்கதில்ல. கேக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுப்பேன். அண்ணாச்சி, இனிஷியல் என்ன?"

சொல்ல அவர் அங்கே இல்லை. சங்கரநயினார் ரயிலடி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார். தபால்காரர் ஓடினால் கெட்ட சேதி என்று எதிரே வந்தவர்கள் பதறி ஒதுங்கினார்கள். "தங்கப்பழம், ஒரு நாக்கு. சீக்கிரம் ஒரு நாக்கு," என்று அவர் கடைக்குள் நுழைந்தபோது, விளக்கு வாங்க வந்திருந்த அம்மாள் விளக்கை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாளாம்.

அவர் திரும்பி வரும்வரை பேச்சி பெட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மறுமணியும் அடித்து முடிந்திருந்தது. புது நாக்கை வாங்கினாள். பல்லில் தட்டினாள், காதில் வைத்துக் கேட்டாள், காலி இடத்தில் வைத்தாள். முனகல் திரும்பத் தொடங்கியது.

நெல்லையம்மாள் கிழிசலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள். "நாலு வருசமா வெள்ளி நாக்கு போட்டேன்," என்றாள் கணவரிடம் மெதுவாக. "காலைல போட்ட தகர நாக்குக்குத்தான் அம்மன் காது குடுத்திருக்கா."